விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள்: அப்பாயி பெட்டியில் கிடைத்த பொன் பூசிய அத்தர் குப்பிகள்

தம்பி, முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அம்மா கையில் இருக்கும் விபூதி டப்பாவை வாங்கிச் சாமி அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

காரைக்கால் பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்தில் அப்பாயி வீட்டைக் காலி செய்தபோது, தகரப் பெட்டிக்குள் பழைய சேலையில் சுற்றி ஐந்து சென்ட் பாட்டில்கள் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிக் குச்சி மாதிரி. ஒன்று ரத்தச் சிவப்பு, மேலே பொன் கொடி ஓடியது. ஒன்று ரப்பர் பந்தை அமுக்கினால் பீய்ச்சுகிற வகை. மீதி இரண்டும் ஜோடி, கோபுரம் போல மூடி, கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. சிவப்புக் குப்பியை அம்மா வெள்ளி விளக்கு என்று நினைத்துத் தேய்த்ததில் பொன் கொடி பாதி காணாமல் போய்விட்டது. தாத்தா சைகோனில் வேலை பார்த்தவர். இது அசல் தங்கமா, எந்தக் காலத்தது, எப்படிச் சுத்தம் செய்வது, விற்றால் போகுமா என்பது உங்கள் கேள்வி.

நான் மாயவரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் 31 வருஷம் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி, அடுக்கி, உடைந்ததற்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். நாகூர் கந்தூரிக்குப் போன ஒரு வருஷம், பழைய சாமான் விரித்திருந்த சாக்கில் ஒரு அத்தர் குப்பியைப் பார்த்தேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இப்போது வீட்டில் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. நான் கெடுத்தவை மூன்று.

தங்கமா என்பதிலிருந்தே தொடங்குகிறேன், எல்லோருடைய ஆசையும் அங்கேதான். பெரும்பாலும் அசல் தங்கம்தான். எவ்வளவு என்று கேட்டால்தான் சிரிப்பு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து பீங்கானிலும் கண்ணாடியிலும் அதிகம் பூசப்பட்டது திரவத் தங்கம். தங்கத்தைக் கந்தகமும் பிசினும் சேர்ந்த எண்ணெய்க் குழம்பாக்கித் தூரிகையால் எழுதிச் சூளையில் வைப்பார்கள். அந்தக் குழம்பில் தங்கம் நூற்றுக்கு 10 பங்கு அளவில்தான் இருக்கும். எண்ணெய் எரிந்துபோன பிறகு கண்ணாடியில் மிஞ்சும் பொன் தோலின் கனம் ஏறக்குறைய ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் கனமே 50 முதல் 100 மைக்ரான். ஒரு குப்பியில் 50 சதுர சென்டிமீட்டர் பரப்பு பொன்னாகவே இருந்தாலும், கணக்குப் போட்டால் 10 மில்லிகிராம் வருகிறது. ஒரு குண்டுமணி சுமார் 120 மில்லிகிராம். ‘வீட்டில் குண்டுமணித் தங்கம்கூட இல்லை’ என்பார்களே, அதற்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு. கும்பகோணத்தில் யாராவது சுரண்டி உருக்கிப் பார்க்கலாம் என்று சொன்னால், காபி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

தங்கம் மெத்தென்ற உலோகம். நம் விரல் நகமும் அதுவும் கடினத்தில் ஏறக்குறைய ஒன்று. விபூதி விரலில் பட்டுப் போலத்தான் இருக்கிறது, ஆனால் சாணச் சாம்பலில் சிலிக்கா உண்டு. ஆற்று மணலில் இருப்பதும் அதுதான். அது கண்ணாடியையே கீறும். வெள்ளி விளக்கு தாங்குகிறது என்றால், தேய்ந்தாலும் அடியில் வெள்ளிதானே இருக்கிறது. குப்பியில் இருப்பது ஒரே ஒரு தோல். அதைத் தேய்த்துவிட்டால் அடியில் கண்ணாடி. புளி, சாம்பல், எலுமிச்சை, பற்பசை, சோடா உப்பு, பித்தளைப் பொடி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

சரி, அந்தத் தோல் கண்ணாடியில் எப்படி ஒட்டியிருக்கிறது? எல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஈரத் துணியைக்கூடக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

ஒரு வகை, வெறுமனே ஒட்டியது. வார்னிஷ் போன்ற ஒரு பசையைத் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேலே தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தாளை, வைத்து அழுத்துவார்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு வைத்து மேடாக்கி அதன்மேல் ரேக்கு ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே வேலை. சூளை முகமே பார்க்காத பொன் இது. பிடிப்பு முழுவதும் பசையில்தான். பசை கரைந்தால் பொன்னும் போச்சு.

இன்னொரு வகை சுட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் தங்க ரேக்கைத் தேனில் குழைத்து அரைத்து, தூரிகையால் எழுதி, மிதமான சூட்டில் சுட்டார்கள். சூளையிலிருந்து வரும்போது மண் நிறத்தில் மங்கலாக இருக்கும். அகேட் போன்ற வழவழப்பான கல்லால் தேய்த்துத்தான் மெருகேற்ற வேண்டும். அந்த ஒளி பட்டுச் சேலை ஜரிகை மாதிரி, கண்ணைக் குத்தாது. கையால் தடவினால் லேசான கனமும் தெரியும்.

மூன்றாவது, மேலே சொன்ன திரவத் தங்கம். 1830-ஐ ஒட்டி ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலையில் ஹைன்ரிக் கூன் என்ற வேதியியலாளர் கண்டது. மெருகு தேவையில்லை, சூளையிலிருந்து வரும்போதே முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும். செலவு குறைவு, தோலும் மெல்லிசு, தேய்வதும் சீக்கிரம். இதனால் காலம் கணிக்க ஒரு பிடி கிடைக்கிறது. முகம் தெரிகிற மாதிரிப் பளபளக்கும் பொன் கோட்டைக் காட்டி ‘250 வருஷத்துச் சாமான்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதோடு ஒரு போலியும் உண்டு. பித்தளைத் தூள் கலந்த கோல்டு பெயிண்ட். உதிர்ந்த இடத்தை மறைக்கப் பின்னால் யாரோ பூசியிருப்பார்கள். வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் மாட்டும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸில் பெயிண்ட் பொடிப்பொடியாகத் தெரியும், வருஷம் ஆக ஆகப் பழுப்பும் பச்சையும் ஏறும். தங்கம் கறுக்காது. நகைக்கடை காரட் மெஷினில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தங்கம் இருக்கிறதா என்பதை அது காட்டக்கூடும். ஆனால் தோல் இவ்வளவு மெல்லிசாக இருக்கும்போது மெஷினின் எக்ஸ்-கதிர் அதைத் துளைத்துக்கொண்டு அடியிலுள்ள கண்ணாடியையும் சேர்த்துப் படிக்கும். அது காட்டும் காரட் எண்ணை எழுதி வைத்துக்கொள்வதில் பயனில்லை. உரைகல், திராவகம் இரண்டையும் கிட்டே விடாதீர்கள்.

ஒட்டியதா சுட்டதா என்று பார்ப்பது இப்படி. பொன்னின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். ஒட்டியதில் ஓரம் செதிலாக எழும்பியிருக்கும், ரேக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடு தெரியும், அடியில் மஞ்சளோ பழுப்போ பசை எட்டிப் பார்க்கும். சுட்டது செதிலாகாது, தேய்ந்து தேய்ந்து மங்கும். அதோடு, சுட்ட பொன் போன இடத்தில் குப்பியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பழைய கோட்டின் தடம் நிழல் மாதிரி தெரியும். ஒட்டியது போனால் பெரும்பாலும் சுத்தமாகப் போய்விடும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கேவலமானது. அந்த நாகூர்க் குப்பியின் கழுத்தில் பழைய அத்தர் வழிந்து பிசினாகக் காய்ந்திருந்தது. ஆய்வகத்தில் எதற்கும் ஸ்பிரிட்தான் எங்கள் மருந்து, அந்தப் பழக்கத்தில் பஞ்சில் நனைத்து ஒரு துடை துடைத்தேன். பிசின் போயிற்று. பஞ்சைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சளாக மின்னுகிறது. கழுத்தைச் சுற்றியிருந்த பொன் வளையம் மொத்தமும் பஞ்சுக்கு வந்துவிட்டது. அந்தப் பஞ்சை இன்னும் ஒரு சின்ன டப்பாவில் வைத்திருக்கிறேன்.

இனி உங்கள் ஐந்து பேரையும் பார்ப்போம். எடையில்லாத ஜோடியிலிருந்து தொடங்கலாம், அது சுலபம், கொஞ்சம் மனத்தாங்கலாகவும் இருக்கும். நீங்கள் சொல்கிற அடையாளமெல்லாம் எகிப்துக் குப்பிக்குப் பொருந்துகிறது. கெய்ரோவின் கான் எல்-கலீலி கடைத்தெருவில் சுற்றுலாக்காரர்களுக்கு இன்றும் விற்கிறார்கள். ஆய்வகக் குழாய் செய்யும் அதே போரோசிலிகேட் கண்ணாடியைத் தீ நாக்கில் உருக்கி ஊதி, மேலே பொன் பூசுவது. ஹஜ்ஜுக்குப் போனவர்கள், வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் கைவழியாகக் கூத்தாநல்லூர், நாகூர், காரைக்கால் பக்கம் நிறைய வந்திருக்கின்றன. அப்பாயியின் பெட்டியில் பிற்காலத்தில் யாரோ வைத்திருப்பார்கள். பெட்டி பழசு என்பதால் உள்ளே இருப்பதெல்லாம் பழசு ஆகிவிடாது.

இதைச் சோதிக்க வீட்டிலேயே ஓர் அழகான வழி இருக்கிறது. மூடியோடு சேர்ந்து ஒரு கண்ணாடிக் குச்சி கீழே தொங்கும், அத்தரைத் தொட்டு எடுப்பதற்கு. பொன் படாத அந்தக் குச்சியின் நுனியை, ஒரு டம்ளர் ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெயில் விடுங்கள். எண்ணெய்க்குள் குச்சி ஏறக்குறைய மாயமாய் மறைந்தால் அது பைரெக்ஸ் வகை, அதாவது போரோசிலிகேட் கண்ணாடி. எண்ணெயும் அந்தக் கண்ணாடியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில், 1.47 என்ற எண்ணில், வளைப்பதால் கண்ணுக்கு விளிம்பு தெரிவதில்லை. சாதாரணக் கண்ணாடிக்கு 1.52, ஈயம் கலந்ததற்கு அதைவிடக் கூடுதல். அவை எண்ணெய்க்குள்ளும் தெளிவாக நிற்கும். முதலாண்டு மாணவர்களுக்கு இதைக் கிளிசரினில் செய்து காட்டினால் வாயைப் பிளப்பார்கள். பைரெக்ஸ் விற்பனைக்கு வந்ததே 1915-இல். குச்சி மறைந்தால் அதற்கு முந்தைய காலம் என்ற பேச்சே வேண்டாம்.

கண்ணாடிக் குச்சி மாதிரியான நீளக் குப்பி வேறு கதை. வெளியே பட்டை தீட்டி, பட்டைகளுக்கு நடுவே பொன் வரைந்து, உள்ளே மயிரிழைத் துளை மாதிரி ஒடுக்கமாக ஒரு வழி இருந்தால், அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொஹீமியா (இன்றைய செக் குடியரசின் ஒரு பகுதி), ஜெர்மனிப் பக்கம் செய்து ரோஜா அத்தர் அடைத்து விற்ற குப்பியாக இருக்கலாம். ஆங்கிலேயச் சேகரிப்பாளர்கள் இவற்றை ‘த்ரோஅவே’ என்கிறார்கள், தூக்கிப் போடுவது என்று. அத்தர் தீர்ந்ததும் எறிந்துவிட வேண்டியது என்ற கணக்கில் வைத்த பெயர். நம் வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலையே எறியாதவர்கள், இதையா எறிவார்கள்? துளை ஏன் அவ்வளவு ஒடுக்கம் என்றால், உள்ளே இருந்தது தோலாக் கணக்கில் விற்ற சரக்கு. வெளியே பெரிதாகத் தெரிய வேண்டும், உள்ளே கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். வியாபாரம் அன்றும் இப்படித்தான். இதைக் ‘கண்ணீர்க் குப்பி’, துக்கத்தில் அழுத கண்ணீரைப் பிடித்து வைப்பது என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். உருக்கமான கதை, ஆதாரம் கிடையாது. இந்த வகைக்குப் பொன் பெரும்பாலும் பள்ளங்களில் தப்பியிருக்கும், மேடுகளில் தேய்ந்திருக்கும். அப்படித் தேய்ந்திருந்தால் நல்ல அறிகுறி.

ரப்பர் பந்து வைத்தது 1920-களிலிருந்து பரவலான வகை. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலம் டொலீடோவிலிருந்த டிவில்பிஸ் நிறுவனம் பொன் பூசிய இந்த வகைக்குப் பேர்போனது. ஆனால் மற்றவர்களும் நிறையச் செய்தார்கள், அடியில் பெயர் இருந்தால் மட்டும் நம்புங்கள். ரப்பர் கெட்டியாகியோ ஒட்டிக்கொண்டோ இருந்தால் கழற்றித் தனியாக ஒரு காகித உறையில் போடுங்கள். ரப்பரிலிருக்கும் கந்தகம் பக்கத்திலுள்ள வெள்ளிப் பாகத்தைக் கறுக்க வைக்கும். எறிந்துவிடாதீர்கள், அதுவும் குப்பியின் பாகம்தான்.

சிவப்புக் குப்பிதான் எனக்கு ஆசையைக் கிளப்புகிறது.

கண்ணாடியில் சிவப்பு மூன்று வழியில் வரும். கண்ணாடி முழுக்கச் சிவப்பாக இருப்பது ஒன்று. அதிலும் உயர்ந்தது தங்கத்தைக் கரைத்துக் கலந்து வரும் சிவப்பு. வேடிக்கை பாருங்கள், மேலே மஞ்சளாக மின்னுவதும் உள்ளே சிவப்பாக ஒளிர்வதும் ஒரே தங்கம். இரண்டாவது, நிறமில்லாத கண்ணாடியின்மேல் சிவப்புக் கண்ணாடியை ஓர் அடுக்காகப் போர்த்துவது. மூன்றாவது, நிறமில்லாத கண்ணாடியின்மேல் சிவப்புச் சாயத்தைப் பூசிச் சுடுவது. இந்தச் சாயத்தை 1830-களில் பொஹீமியாவில் ஃப்ரீட்ரிக் எகர்மன் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். விலை குறைவு என்பதால் ஊரெல்லாம் பரவியது. எது என்று பார்க்கக் குப்பியின் வாய் விளிம்பையும், பட்டை தீட்டிய இடங்களையும், அடியையும் பாருங்கள். வெட்டிய இடத்தில் நிறமில்லாத கண்ணாடியின்மேல் சிவப்பு கனமான அடுக்காகத் தெரிந்தால் போர்த்தியது. சிறு கீறலிலேயே அடியிலுள்ள நிறமில்லாத கண்ணாடி தெரிந்தால் சாயம். உங்களுடையது சாயமாக இருந்தால் விபூதி பொன்னை மட்டும் அல்ல, சிவப்பையும் கொஞ்சம் கீறியிருக்கும். லென்ஸில் பாருங்கள்.

தாத்தா சைகோனில் இருந்தார் என்றவுடன் ‘அப்போ இது பிரெஞ்சுச் சாமான்’ என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். காரைக்கால் 1739-லிருந்து 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது, அங்கிருந்து சைகோனுக்குப் போனவர்கள் ஏராளம், எல்லாம் உண்மை. ஆனால் சைகோன் கடையில் விற்றதெல்லாம் பாரிஸில் செய்தது என்று ஆகாது. சிவப்புக் கண்ணாடியில் பொன் கொடி எழுதி உலகம் பூராவும் அனுப்பியது பொஹீமியா. இன்றைய செக் குடியரசில் நோவி போர், கமெனிட்ஸ்கி ஷெனோவ் என்று இரண்டு ஊர்கள், அந்தக் காலத்தில் ஹைடா, ஷ்டைன்ஷோனாவ் என்ற ஜெர்மன் பெயர்கள். நம் சுவாமிமலையில் தெருவுக்குத் தெரு சிலைப் பட்டறை இருப்பது போல அங்கே வீட்டுக்கு வீடு கண்ணாடியில் எழுதுபவர்கள், தீட்டுபவர்கள், பொன் பூசுபவர்கள். பெரும்பாலான குப்பிகளில் பெயரே இருக்காது. 1857-இல் கார்ல்ஸ்பாடில் தொடங்கிய மோசர் நிறுவனத்தின் பெயர் பெரிது என்பதால், பொன் கொடி ஓடிய சிவப்புக் குப்பி எதைப் பார்த்தாலும் ‘மோசர்’ என்று விற்பார்கள். கொடியைப் பார்த்து மோசர் என்று சொல்ல முடியாது.

அடியில் ‘மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா’ என்று ஆங்கிலத்தில் மங்கலாக ஒரு முத்திரை இருந்தால், 1918-க்குப் பிறகு செய்தது, அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. பிரெஞ்சு என்று நிரூபிக்க வேறு தடயம் வேண்டும். வெள்ளி மூடியோ வளையமோ இருந்தால், ஹெல்மெட் அணிந்த மினெர்வா தேவியின் தலை பொறித்த பொடி முத்திரையைத் தேடுங்கள். 1838-லிருந்து பிரெஞ்சு வெள்ளிக்கு அது அடையாளம். நங்கூரமும் நடக்கும் சிங்கமும் இருந்தால் பர்மிங்காம், ஆங்கிலச் சரக்கு. பிரான்சின் பக்காரா கண்ணாடி ஆலை 1936-லிருந்து தன் முத்திரையை எல்லாக் குப்பியிலும் அமிலத்தால் பொறித்தது. அதற்கு முன் பல சமயம் காகிதச் சீட்டுதான், அது முதல் கழுவலிலேயே போயிருக்கும்.

பழசு என்பதற்கு முத்திரையைவிட நான் நம்புவது அடிப்பாகத்தை. மரப் பீரோவிலும் பித்தளைத் தட்டிலும் எடுத்து வைத்து எடுத்து வைத்து, அடி விளிம்பில் கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருக்க வேண்டும், ஒன்று ஆழம், ஒன்று மெல்லிசு என்று. ஒரே திசையில் சீப்பு வாரியது போல இருந்தால் உப்புத்தாளில் தேய்த்த பழமை. பொன் எங்கே தேய்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். விரல் பிடிக்கிற இடத்தில், மூடி உரசுகிற இடத்தில் தேய்ந்திருந்தால் நியாயம். யாரும் தொடாத இடத்தில் தேய்ந்து, பிடிக்கும் இடத்தில் புதிதாக இருந்தால் இடிக்கிறது.

அடுத்தது சுத்தம் செய்வது. என் கருத்து, தூசி குப்பியைக் கொல்லாது, நாம்தான் கொல்கிறோம். வருஷத்துக்கு ஒரு முறை மிருதுவான பெயிண்டிங் பிரஷ்ஷால் தூசி தட்டுவது பெரும்பாலானவற்றுக்குப் போதும். செதில் எழும்பிய பொன்னுக்கு அதுவும் வேண்டாம்.

சுட்ட பொன் என்று உறுதியாகத் தெரிந்து, அழுக்கும் இருந்தால் மட்டும் ஈரம். நம் பக்கத்துத் தண்ணீர் வேண்டாம், கடலோரம் என்றால் உப்பு, உள்ளே என்றால் சுண்ணாம்பு, காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு கேன் வாங்குங்கள். சிங்க்கில் வைத்துக் கழுவாதீர்கள், ஒரு பழைய துண்டை நாலாக மடித்து அதன்மேல் வையுங்கள். பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, பொன்னில் யாருக்கும் தெரியாத ஓர் ஓரத்தில் உருட்டுங்கள். தேய்க்கக் கூடாது, சப்பாத்திக் கட்டை மாதிரி உருட்ட வேண்டும். பஞ்சைப் பாருங்கள். மஞ்சள் மினுக்கு ஒரு பொட்டு தெரிந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் ஒவ்வொரு விரற்கடையாக மேலே போகலாம், ஒவ்வொரு உருட்டலுக்கும் புதுப் பஞ்சு. பிறகு துவைத்துத் துவைத்து நைந்த மல் வேட்டித் துண்டால் ஒற்றி எடுங்கள். வெந்நீர் கூடாது, அம்மோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரே கூடாது, வெயிலில் காய வைக்கக் கூடாது.

உள்ளே ஒட்டிய அத்தர்ப் பிசுக்குக்கு ஸ்பிரிட் நல்ல மருந்துதான், ஆனால் வெளியே ஒரு சொட்டு வழியக் கூடாது. இங்க் ஃபில்லரால் நாலு சொட்டு உள்ளே விட்டு, மூடாமல் அரை மணி நேரம் விட்டு, ஃபில்லராலேயே உறிஞ்சி எடுங்கள். குப்பியைக் கவிழ்க்காதீர்கள், நான் பொன் வளையம் இழந்தது ஞாபகம் இருக்கட்டும். அரிசி, உப்பு, மணல் போட்டுக் குலுக்கும் பாட்டி வைத்தியம் எண்ணெய்ப் பாட்டிலோடு இருக்கட்டும். உள்ளே தண்ணீர் நின்ற மட்டத்தில் வெள்ளைப் படிவு இருந்தால், தண்ணீர் கலந்த வினிகர் கொஞ்சம் உள்ளே விட்டால் கரையும். அதுவும் வெளியே பூசிச் சுட்ட வண்ண எனாமலில் படக் கூடாது. மொத்தமாகப் பனி மூடியது போல இருக்கிறது, ஈரமானால் தெளிகிறது, காய்ந்தால் திரும்புகிறது என்றால் அது அழுக்கல்ல, கண்ணாடியின் மேல்தோல் அரித்துவிட்டது. எதை ஊற்றினாலும் தீராது, விட்டுவிடுங்கள்.

மூடி இறுகியிருந்தால் முறுக்காதீர்கள். ஆய்வகத்தில் இறுகிய அடைப்பான் திறப்பது என் தினசரி வேலை, பொறுமை தவிர வேறு கருவி கிடையாது. பொன் இல்லாத இடமாகப் பார்த்து மூடியும் கழுத்தும் சேரும் கோட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, இரண்டு நாள் விடுங்கள். பிறகு கழுத்தை உள்ளங்கையில் பொத்திப் பத்து நிமிஷம் சூடாக்கி, மூடியை ஒரு மரக்கரண்டிக் காம்பால் இரு பக்கமும் மாறிமாறி மெதுவாகத் தட்டுங்கள். வரவில்லையா, மறுபடி எண்ணெய், மறுபடி இரண்டு நாள். நான் ஒன்றுக்கு மூன்று வாரம் காத்திருக்கிறேன். மெழுகுவர்த்தியில் காட்டுபவர்கள் இரண்டு துண்டு குப்பியோடு வருவார்கள்.

வைக்கிற இடம் பற்றி. நம் ஊரில் குப்பிக்கு எதிரி ஐப்பசி, கார்த்திகை. கண்ணாடியில் இருக்கும் காரப் பொருளை ஈரக்காற்று மெல்ல மெல்ல வெளியே இழுக்கும். பொட்டாஷ் அதிகமாகவும் சுண்ணாம்பு குறைவாகவும் செய்த பழைய கண்ணாடி இதற்குச் சீக்கிரம் ஆளாகும். அடைமழையில் குப்பி வியர்த்தது போல வழவழப்பாக இருந்தால், சிவப்பு லிட்மஸ் தாளை ஈரமாக்கித் தொட்டுப் பாருங்கள். நீலமானால் கண்ணாடிக்கு நோய். அப்படிப்பட்டதைத் தனியாக வைக்க வேண்டும். அருங்காட்சியகங்கள் நோய் பிடித்த கண்ணாடியை 40 சதவீத ஈரப்பதத்தை ஒட்டி வைக்கப் பார்க்கின்றன. மழைக்காலத்தில் நம் வீட்டுக்குள் 80-ஐத் தாண்டுகிறது, அந்த அளவை எட்ட நமக்கு வழியில்லை. நான் செய்வது, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, உள்ளே ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர், மழை மாதங்களில் மட்டும் சிலிக்கா ஜெல் பை. ஒரேயடியாக உலர்த்தவும் கூடாது, நோய்க் கண்ணாடி வெடிப்பு விடும். கொல்லைப்புறச் சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள், அங்கே ஓதம் ஏறும். சன்னல் வெயிலும் வேண்டாம், மாங்கனீஸ் கலந்த பழைய கண்ணாடி வருஷக்கணக்கில் வெயில் பட்டால் ஊதா ஏறும்.

மூடியை இறுக்கி மூடி வைக்காதீர்கள், உள்ளே காற்றுப் போக வேண்டும். மூடியைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒரு நூலால் கட்டிவிடுங்கள், மாறிப்போகாது. செய்தித்தாளில் சுற்றாதீர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், பாச்சை உருண்டை போட்ட பெட்டியில் திரும்ப வைக்காதீர்கள். அப்பாயி சுற்றி வைத்த அந்தப் பருத்திச் சேலை இருக்கிறதே, துவைத்துக் கஞ்சியை முழுவதும் போக்கி, அதையே கிழித்துச் சுற்றலாம். அவர்தான் இதுவரை சரியாகச் செய்தவர்.

சேலையில் கஞ்சி இருக்கக் கூடாது, பூச்சி வரும்.

சிவப்புக் குப்பியில் போன பொன்னைத் திரும்பப் பூசலாமா? வேண்டாம். மறுபடி சூளைக்கு அனுப்பினால் நூறு வருஷக் கண்ணாடி தாங்குமா என்பது சூதாட்டம், பெயிண்ட் பூசினால் மிச்சம் இருக்கும் அசலும் மதிப்பிழக்கும். பாதிக் கொடியோடு இருக்கட்டும், தடம் தெரிகிற வரை வாங்குகிறவருக்கு அது என்ன கொடி என்று புரியும். விற்பதாக இருந்தால் விலையைத் தூக்குவது அசல் மூடி, உடையாத விளிம்பு, தேறிய பொன், அது எங்கிருந்து வந்தது என்ற வீட்டுக் கதை. தாத்தாவின் சைகோன் கடிதம், கப்பல் சீட்டு, பாஸ்போர்ட் ஏதாவது அதே பெட்டியில் இருந்தால் குப்பியோடு சேர்த்து வையுங்கள். பழைய குப்பியில் அத்தர் ஊற்றித் தினமும் பூசிக்கொள்ளும் ஆசை வேண்டாம், ஈயம் கலந்த கண்ணாடியாக இருக்கலாம்.

பிரான்சில் இருக்கும் அத்தைக்கு ஒன்று அனுப்பலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்குக் குறையாத பழமையுள்ள கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிவப்புக் குப்பியும் நீளக் குப்பியும் அதில் அடங்கக்கூடும். அனுப்புமுன் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கிடைத்தால் மட்டும் அனுப்புங்கள். எகிப்து ஜோடி என்று உறுதியானால் அதை அத்தைக்கு அனுப்பிவிடலாம், பார்க்க அதுதான் எல்லாவற்றையும்விடப் பளபளப்பு.

இப்போது எனக்கு ஒரு உதவி. சிவப்புக் குப்பியின் மூடியைக் கழற்ற முடிந்தால், மூடியின் அடிக்காம்பிலும் குப்பியின் கழுத்து விளிம்பிலும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மூடியையும் குப்பியையும் சேர்த்துத் தேய்த்துப் பொருத்தியவர்கள், ஜோடி மாறாமல் இருக்க இரண்டிலும் ஒரே எண்ணைப் பொடியாகக் கீறி வைப்பது வழக்கம். இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அம்மா அங்கேயும் தேய்த்திருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கீறல் ஆழமாக இருக்கும்.